‘ரோபோகாப்’ மறுஆக்கமும் ரசிகர்களின் கோபமும்: கேள்வி பதில்

பால் வெர்ஹோவன் இயக்கி 1987 ஜூலையில் வெளிவந்த, கொல்லப்பட்ட ஒரு காவலரை ஒரு நிறுவனம் இயந்திரக் காவலராக மாற்றும் கதையான ‘ரோபோகாப்’ படத்தை, 27 ஆண்டுகள் கழித்து 2014 பிப்ரவரியில் ஹாலிவுட் மறுஆக்கம் செய்து வெளியிட்டது. பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஜோசே படில்யா அதை இயக்கினார். படம் வருவதற்கு முன்பே தொடங்கிய ரசிகர்களின் எதிர்ப்பு, படம் வந்து போன பின்னும் அடங்கவில்லை. அது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மூலப் படத்தைப் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தும் அதைப் பற்றிப் படித்தும் வருபவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, 1987 படம் அப்போதே நன்றாக ஓடிய படம்தானே? ஓடாமல் போய்ப் பிறகு கொண்டாடப்படும் படத்தைத்தானே ‘கல்ட்’ படம் என்பார்கள்?

பதில்: ஓடிய படம்தான். ஏறத்தாழ 1.3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 5.3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆயினும் வசூலைக் கொண்டு மட்டும் ‘கல்ட்’ என்ற சொல்லை அளக்க முடியாது. ஒரு படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களும், அதன் ஒவ்வொரு காட்சிக்கும் பொருள் தேடுபவர்களும், அதற்காகத் தங்கள் கைக்காசைச் செலவிடுபவர்களும் தலைமுறை தாண்டி இருந்தால் அது அந்த வகைப் படமே. 2011-இல், கதை நடக்கும் டெட்ராய்ட் நகரில் ரோபோகாப்புக்கு வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்று இணையத்தில் நிதி திரட்டியபோது 67,000 டாலருக்கும் அதிகமாகச் சேர்ந்தது. படத்தின் பெரும்பகுதி டெட்ராய்ட்டில் எடுக்கப்படவே இல்லை, டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில்தான் எடுக்கப்பட்டது என்பதை நன்கு அறிந்தவர்களும் பணம் கொடுத்தார்கள். இத்தகைய பற்றுள்ளவர்கள் மறுஆக்கச் செய்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: 2012-இல் படப்பிடிப்புத் தளத்திலிருந்து கருப்பு உடைப் படம் கசிந்தவுடனே திட்டத் தொடங்கிவிட்டார்கள். ஓர் உடையின் நிறத்துக்கு இவ்வளவு கோபம் தேவையா?

பதில்: நிறத்தைப் பொறுத்தவரை ரசிகர்கள் அவசரப்பட்டார்கள் என்றே கருதுகிறேன். படத்தில் அந்தக் கருப்புக்குக் காரணம் சொல்லப்படுகிறது. முதலில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், பழைய உடையை நினைவூட்டும் ஒரு கவசம் வருகிறது. மைக்கேல் கீட்டன் நடித்த நிறுவனத் தலைவர்தான் விற்பனைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அதைக் கருப்பாக்கச் சொல்கிறார். படில்யா அதைத் தெரிந்தே செய்திருக்கிறார்.

ஆனால் உடை குறித்த மனக்குறையில் ஒரு நியாயமும் உண்டு. ராப் போட்டின் வடிவமைத்த பழைய கவசம் கனமானது. ரோபோகாப்பாக நடித்து அதை அணிந்த பீட்டர் வெல்லர், மோனி யாக்கிம் என்ற மைம் (பேசாமல் உடலசைவால் நடிக்கும் கலை) ஆசிரியரிடம் பயிற்சி பெற்று வந்திருந்தும், கவசம் கைக்கு வந்த முதல் நாள் அவர் பழகிய அசைவு எதுவும் அதற்குள் பொருந்தவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து அசைவுகளை மெதுவாக்கி, முதலில் தலை திரும்பும், அதன் பிறகே உடல் திரும்பும் என்ற முறையை அமைத்தார்கள். ஒரு மனிதன் இரும்புக்குள் அடைபட்டிருக்கிறான் என்பது அந்தத் தாமதத்தில் தெரிந்தது. புதிய படத்தில் ரோபோகாப்பாக நடித்த ஜோயல் கின்னமன் ஓடுகிறார், தாவுகிறார், மோட்டார் சைக்கிளில் பறக்கிறார். உடலின் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போனதைத்தான் பலர் ‘நிறம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: பிஜி-13 சான்றிதழ்தான் படத்தைக் கெடுத்தது என்கிறார்களே? ரத்தம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: அமெரிக்கத் தர நிர்ணயத்தில் ‘ஆர்’ என்றால் 17 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க இயலாது, பிஜி-13 என்றால் பதின்வயதினர் தாமாகவே வரலாம். ஸ்டூடியோவுக்கு இதில் கிடைக்கும் லாபம் தெளிவானது. 1987-இல் நிலைமை நேர்மாறாக இருந்தது. வெர்ஹோவன் கொடுத்த படத்துக்கு முதலில் ‘ஆர்’ தரத்தைவிடக் கடுமையான ‘எக்ஸ்’ தரமே கிடைத்தது. பலமுறை வெட்டி வெட்டி அனுப்பிய பிறகே ‘ஆர்’ வந்தது.

ரத்தம் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாரும் வன்முறையை ரசிப்பவர்கள் அல்லர். பழைய படத்தில், பிறகு ரோபோகாப்பாக மாற்றப்படும் காவலர் மர்ஃபியை ஒரு கும்பல் சிரித்துக்கொண்டே அணு அணுவாகக் கொல்கிறது. முதலில் வலது கை சிதறுகிறது. இதைச் சிலுவையேற்றமாகவும், பின்னால் வருவதை உயிர்த்தெழுதலாகவும் தாம் எண்ணியே எடுத்ததாக வெர்ஹோவன் பலமுறை விளக்கியுள்ளார். இரண்டாம் உலகப் போரின்போது ஹேக் நகரில் சிறுவனாக இருந்து குண்டுவீச்சையும் பிணங்களையும் கண்டவர் அவர். அந்தக் காட்சியில் நமக்கு வயிறு கலங்குகிறது, மர்ஃபிக்காக நாம் துக்கம் காக்கிறோம். அந்தத் துக்கம்தான் மீதிப் படத்தைச் சுமக்கிறது. புதிய படத்தில் வீட்டு வாசலில் கார் வெடிக்கிறது. ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. துக்கப்பட அவகாசமே தரப்படவில்லை.

கேள்வி: அண்ணா, நான் 2014 படத்தைத்தான் முதலில் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. பழைய ரசிகர்கள் உண்மையில் எதை இழந்ததாக நினைக்கிறார்கள்?

பதில்: உங்களுக்குப் பிடித்ததில் தவறு ஏதுமில்லை, தம்பி. இந்தக் கேள்விக்குத்தான் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன்.

பழைய படத்தில் மர்ஃபி இறந்துவிடுகிறான். ஓசிபி என்ற நிறுவனம் அவனுடைய உடலைத் தன் சொத்தாக எடுத்துக்கொள்கிறது. இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மருத்துவக் குழுவினர் மகிழ்ச்சியோடு சொல்லும்போது, திட்டத்தை நடத்தும் அதிகாரி அந்தக் கையையும் எடுத்துவிடச் சொல்கிறார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு மனிதக் கை, திட்ட அறிக்கையில் முழு உடலும் இயந்திரம் என்று எழுதியிருப்பதால் வெட்டப்படுகிறது. இதை நாம் மர்ஃபியின் கண் வழியாக, படுத்த நிலையில் மேல்நோக்கிப் பார்க்கிறோம். நினைவும் அழிக்கப்படுகிறது. எழுந்து வருவது பெயரில்லாத ஒரு பொருள்.

பிறகு அந்தப் பொருளுக்குக் கனவு வருகிறது. துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போடும் பழக்கத்தைப் பார்த்துவிட்டு, நான்சி ஆலன் நடித்த சக காவலர் லூயிஸ் அவனிடம் மர்ஃபி என்று பெயர் சொல்கிறாள். அவன் தன் பழைய வீட்டுக்குப் போகிறான். வீடு விற்பனைக்குக் காலியாகக் கிடக்கிறது. ஒரு திரையில் விற்பனையாளன் ஒருவன் வீட்டின் சிறப்புகளை அடுக்குகிறான். மனைவியையும் மகனையும் தன்னால் உணர முடிகிறது, ஆனால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்று பின்னொரு காட்சியில் லூயிஸிடம் சொல்கிறான். படத்தின் கடைசியில் நிறுவனத்தின் தலைவரான முதியவர் அவனை மகனே என்று அழைத்துப் பெயர் கேட்க, அவன் ‘மர்ஃபி’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல, அத்தோடு படம் முடிகிறது. முழுப் படமும் அந்தச் சொல்லை நோக்கித்தான் நடந்து வந்திருக்கிறது என்று அப்போது தெரியும்.

புதிய படத்தில் மர்ஃபி கண் விழிக்கும்போதே தான் யார் என்பது அவனுக்குத் தெரியும். மனைவியும் மகனும் உயிரோடு, அருகிலேயே இருக்கிறார்கள். அவனது வலது கைகூட மனிதக் கையாகவே விடப்படுகிறது. மருத்துவர் கண்ணாடி முன் கவசத்தைக் கழற்றிக் காட்டும்போது தலையும் நுரையீரலும் அந்தக் கையும் மட்டும் எஞ்சியிருக்கும் காட்சி மிகக் கொடுமையானது, சிறப்பாகவும் எடுக்கப்பட்டது. ஆனாலும் அவன் தேடிக் கண்டடைய எதுவும் மிச்சமில்லை. பெயரைத் தொலைத்தவன் பெயரைத் திரும்பப் பெறும் கதையில், பெயர் தொலையவே இல்லை. நிறமும் ரத்தமும் பெரிதாகப் பேசப்பட்டாலும், ரசிகர்களின் மனத்தில் உறுத்தியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். வெர்ஹோவனே 2016-இல் ஒரு பேட்டியில், மறுஆக்கத்தில் மர்ஃபியின் மூளையை முழு நினைவோடு வைத்தது கதையை வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டது என்ற பொருளில் குறை சொன்னார். நையாண்டியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் இறுக்கமாக எடுத்ததையும் சுட்டினார்.

கேள்வி: அப்படியானால் படில்யாதானே குற்றவாளி? வெளிநாட்டு இயக்குநருக்கு அமெரிக்கக் கதை புரியவில்லை என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. வெர்ஹோவனும் நெதர்லாந்துக்காரர்தான், அமெரிக்க மண்ணில் அவர் எடுத்த முதல் படமே ‘ரோபோகாப்’. எட்வர்ட் நியூமையரும் மைக்கேல் மைனரும் எழுதிய திரைக்கதையை முதலில் அவர் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார், அவருடைய மனைவி படித்துப் பார்த்து எடுத்துச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வந்தவர் என்பதாலேயே அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களும் செய்திகளும் அவருக்கு விநோதமாகத் தெரிந்தன.

படில்யா, காவல்துறை வன்முறையைப் பற்றிய பிரேசில் படத்துக்காக 2008-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றவர். இந்தக் கதைக்கு அவரைவிடப் பொருத்தமானவரைத் தேடுவது கடினம். திட்டமே பல ஆண்டுகள் அலைக்கழிந்து அவரிடம் வந்தது: முதலில் டேரன் அரோனாஃப்ஸ்கி இயக்குவதாக இருந்தது, பிறகு படத்தின் ஸ்டூடியோவான எம்ஜிஎம் நிறுவனம் கடனில் சிக்கி 2010-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2012-இல் இன்னொரு பிரேசில் இயக்குநரான பெர்னாண்டோ மெய்ரெலெஸ், படில்யா தம்மிடம் பேசியபோது பத்து யோசனை சொன்னால் ஒன்பதை மறுத்துவிடுகிறார்கள் என்று வருந்தியதாக வெளியே சொல்லிவிட்டார். அந்தச் செய்தி வந்த நாள் முதல் ரசிகர்களின் கோபம் ஸ்டூடியோவின் பக்கம் திரும்பியது. அது சரியான திசை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: ரசிகர்கள் திட்டியதைத் தவிர உருப்படியாக ஏதாவது செய்தார்களா?

பதில்: செய்தார்கள். திரைப்படம் எடுப்பவர்கள் ஐம்பது பேர் கூடி, 1987 படத்தைக் காட்சி காட்சியாகப் பங்கு போட்டு, ஆளுக்கொரு பாணியில் தாங்களே எடுத்து, ஸ்டூடியோவின் படம் வெளிவரும் அதே காலத்தில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். எங்கள் ரோபோகாப்பை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பதே அதன் தலைப்பின் பொருள். தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும், சில பகுதிகள் கொச்சையாகவும் இருக்கும். இருந்தும், ஒரு படத்தின் மீதுள்ள அன்பைக் காட்ட இதைவிட நல்ல எதிர்வினையை நான் கண்டதில்லை.

கேள்வி: வசூலில் மறுஆக்கம் வென்றதா, தோற்றதா?

பதில்: சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுவதும் 24 கோடி டாலர் வசூல். அதில் அமெரிக்காவின் பங்கு 5.8 கோடிதான். 1987-இல் வந்த 5.3 கோடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்; இடையில் சராசரி டிக்கெட் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. அப்படியென்றால் சொந்த நாட்டில் பழைய படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் பாதியைச் சற்றே தாண்டியவர்கள்தான் புதியதைப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: மறுஆக்கமே கூடாது என்பது உங்கள் கருத்தா?

பதில்: இல்லை. ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ 1951-இல் வந்த படத்துக்கு மூலமான கதையையே 1982-இல் மீண்டும் கையிலெடுத்தது. டேவிட் குரோனன்பெர்க்கின் ‘தி ஃபிளை’ 1958 படத்தின் மறுஆக்கம். இரண்டுமே பழையதில் சொல்லாமல் விட்டதைச் சொல்லின. எனக்கு மறுஆக்கத்தின் மீது வெறுப்பில்லை. ஆனால் ஒரு படத்தின் பெயருக்காக மட்டும் உரிமையை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை உண்டாக்கிய குணத்தை அபாயம் என்று ஒதுக்கும் வழக்கத்தை எதிர்க்கிறேன். வெர்ஹோவனின் ‘டோட்டல் ரீகால்’ 2012-இல் மறுபடி வந்தபோது செவ்வாய்க் கிரகப் பயணத்தையே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: இரண்டையும் பார்க்க விரும்புகிறேன். எந்தப் பதிப்பை, எப்படிப் பார்ப்பது?

பதில்: 1987 படத்தை வெட்டப்படாத பதிப்பில் பாருங்கள். தொடக்கத்தில் நிறுவனக் கூட்ட அறையில் ஈடி-209 என்ற இயந்திரம் ஓர் இளம் அதிகாரியைச் சுட்டுக்கொண்டே இருக்கும் காட்சி அதில்தான் முழுமையாக இருக்கிறது. அளவுக்கு மீறி நீளும்போதுதான் அந்தக் காட்சி நையாண்டியாகிறது, தணிக்கைக்காகச் சுருக்கியதும் வெறும் கொடூரமாகிவிட்டது என்பது வெர்ஹோவனின் வாதம். இரு பதிப்புகளையும் பார்த்தவன் என்ற முறையில் அவர் சொல்வது உண்மை என்பேன். பில் டிப்பெட் ஸ்டாப் மோஷன் முறையில் (பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு சட்டமாகப் படமெடுக்கும் முறை) அந்த இயந்திரத்துக்குக் கொடுத்த உயிரையும், படிக்கட்டு இறங்கத் தெரியாமல் அது தவிக்கும் இடத்தையும் பொறுமையாகப் பாருங்கள்.

சில நாள் இடைவெளி விட்டு 2014 படத்தைப் பாருங்கள். டெஹ்ரான் தெருக்களில் அமெரிக்க இயந்திரங்கள் சோதனையிடும் தொடக்கக் காட்சியையும், சண்டையின்போது மென்பொருளே முடிவெடுக்க, மர்ஃபியோ தானே முடிவெடுப்பதாக நம்பிக்கொண்டிருப்பதை கேரி ஓல்ட்மன் நடித்த மருத்துவர் விளக்கும் இடத்தையும் தவறவிடாதீர்கள். பழைய படம் கேட்காத கேள்வி அது. படில்யாவை விட்டிருந்தால் அந்தக் கேள்வியைச் சுற்றியே முழுப் படத்தையும் எடுத்திருப்பார் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது.