ஓய்வில் சீரிஸ், இழுத்தால் பேரலல்: சப்வூஃபர் ரிலே கேள்வி பதில்

கார் ஆடியோ வயரிங்தான் என் தொழில். சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வயரை ரிலே (சின்ன கரண்டில் இயங்கும் மின்காந்த சுவிட்ச்) போட்டு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்டவர்களில் பலருக்கு ரிலேவே தேவையில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஸ்விஃப்ட் ஓட்டுபவர், ஈரோடு: அண்ணா, அப்பா அம்மா வண்டியில் ஏறினால் சப்பை நிறுத்த வேண்டும். ஆம்பிலிருந்து சப்புக்குப் போகும் வயரில் ரிலே போட்டு வெட்டிவிடலாமா?

வெட்டலாம், ஆனால் வேண்டாம் தம்பி. ஸ்டீரியோ செட்டின் பின்பக்கத்திலிருந்து ஆம்புக்கு ஒரு நீல வயர் போகும், பெரும்பாலும் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதுதான் ரிமோட். அதில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப் ஆன், நின்றால் ஆஃப். அந்த வயரை நடுவில் வெட்டி ஒரு சாதாரண டாகிள் சுவிட்ச் போட்டால் வேலை முடிந்தது. அதில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு, சின்ன சுவிட்சே தாங்கும். ஆனால் ஒரே நாலு சேனல் ஆம்பில் கதவு ஸ்பீக்கர்களும் ஓடினால் எல்லாமே நின்றுவிடும். அப்படியானால் செட்டின் மெனுவில் சப்வூஃபர் லெவலைக் குறையுங்கள், அல்லது ஆம்புடன் வரும் பேஸ் குமிழை டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி, மதுரை: டூயல் 4 ஓம் வூஃபர் (4 ஓம் வாய்ஸ் காயில் இரண்டு உள்ளது) ஒன்று. மோனோ ஆம்ப், 2 ஓமில் 500 வாட். சாதாரண நாளில் 8 ஓம், நண்பர்கள் வந்தால் 2 ஓம் என்று சீட்டில் இருந்தபடியே மாற்ற ஆசை. எத்தனை ரிலே வேண்டும்? எந்தக் காலில் எந்த வயர்?

ரிலே உண்மையிலேயே வேண்டிய கேள்வி இது. ஐந்து கால் ரிலே இரண்டு எடுங்கள். 85, 86 இரண்டும் ரிலேவின் சொந்தக் காயில். 30 பொதுக் கால். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 தொட்டுக்கொண்டிருப்பது 87ஏ, காயிலுக்கு 12 வோல்ட் கிடைத்து ரிலே இழுத்ததும் தாவுவது 87.

வூஃபரின் இரண்டு வாய்ஸ் காயில்களை அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் ப்ளஸ் நேராக ‘அ’வின் ப்ளஸ்ஸுக்குப் போகட்டும். ஆம்பின் மைனஸ் நேராக ‘ஆ’வின் மைனஸ்ஸுக்கு. இந்த இரண்டையும் ரிலே தொடாது. மீதி இரண்டு முனைகள்தான் ரிலேவுக்கு. ‘அ’வின் மைனஸ் முதல் ரிலேவின் 30ல். ‘ஆ’வின் ப்ளஸ் இரண்டாம் ரிலேவின் 30ல். இரண்டு ரிலேக்களின் 87ஏ கால்களையும் ஒரே வயரால் இணையுங்கள், வேறு எங்கும் அது போகக்கூடாது. முதல் ரிலேவின் 87 ஆம்ப் மைனஸ்ஸுக்கு, இரண்டாம் ரிலேவின் 87 ஆம்ப் ப்ளஸ்ஸுக்கு. இரண்டு ரிலேக்களின் காயில்களும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும்: 85, 86ல் ஒரு கால் சுவிட்ச் வழியாக 12 வோல்ட்டுக்கு, மற்றது எர்த்துக்கு.

சுவிட்ச் போடாதபோது ‘அ’வும் ‘ஆ’வும் தொடராக (சீரிஸ்) நின்று 8 ஓம். போட்டால் பக்கவாட்டில் (பேரலல்) சேர்ந்து 2 ஓம். ஓய்வு நிலை சீரிஸாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. ரிலேவின் ஃபியூஸ் போனாலோ எர்த் கழன்றாலோ ஆம்புக்குக் கிடைப்பது அதிக ஓம்தான், ஒன்றும் எரியாது. தலைகீழாகப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள்.

ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரை எடுத்து, ஆம்புக்குப் போகும் இரண்டு முனைகளில் வையுங்கள். 4 ஓம் காயில் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில்தான் காட்டும், பயப்பட வேண்டாம். ஓய்வில் 7 பக்கம் வர வேண்டும். சுவிட்சைத் தட்டினால் ‘டக்’ என்ற சத்தத்துடன் 2க்குக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். மூன்றரையிலேயே நின்றால் ஒரு ரிலே இழுக்கவில்லை, ஒரு காயில் மட்டும் ஓடுகிறது என்று அர்த்தம். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அதே அளவு வந்தால் எங்கோ ஷார்ட். கண்டுபிடிக்காமல் ஆம்பில் மாட்டக்கூடாது.

எல்லாம் சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் சொல்கிறேன். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப், 8 ஓமில் ஏறத்தாழ கால்வாசிதான் தரும், அதாவது 6 டெசிபெல் குறைவு. பேஸ் குமிழைத் திருப்பியே அதே 6 டெசிபெல்லைக் குறைத்துவிடலாம். ஆம்ப் கொஞ்சம் குளிர்ச்சியாக ஓடும் என்பதைத் தவிர 8 ஓமில் பெரிய லாபம் இல்லை. ஆசைக்குச் செய்யுங்கள், தப்பில்லை.

அதே மதுரைக்காரர்: ஒரு ரிலே மட்டும் கெட்டுப்போனால் ஆம்ப் ஷார்ட் ஆகுமா சார்? பாட்டு ஓடும்போதே சுவிட்சைத் தட்டலாமா?

முதல் கேள்விக்கு, இல்லை. மேலே சொன்னபடி இணைத்திருந்தால் ஒன்று இழுத்து மற்றொன்று இழுக்காவிட்டாலும் ஒரு வாய்ஸ் காயில் அந்தரத்தில் நிற்கும், மற்றது 4 ஓமில் பாடும். சத்தம் குறைவதை வைத்தே தெரிந்துவிடும்.

இரண்டாவதுக்கு, கூடவே கூடாது. ரிலேவுக்குள் நாக்கு 87ஏயை விட்டு 87ஐத் தொடும் நேரம் சில மில்லிசெகண்ட்தான். அப்போது பேஸ் அடித்துக்கொண்டிருந்தால் இடையில் தீப்பொறி ஓடும். இரண்டு ரிலேவிலும் ஒரே சமயம் அந்தப் பொறி 87ஐயும் 87ஏயையும் பாலமாக இணைத்தால், 87ஏ இணைப்பு வயர் வழியாக ஆம்பின் ப்ளஸ்ஸும் மைனஸ்ஸும் நேரடியாகச் சேரும். ஆம்ப் தானே நின்று ப்ரொடெக்ஷன் விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம்.

இதற்கு நான் போடுவது நடுவில் ஆஃப் உள்ள, ஆறு கால் கொண்ட மூன்று நிலை டாகிள். ஒரு வரிசையின் நடுக்காலில் செட்டிலிருந்து வரும் ரிமோட். அந்த வரிசையின் மேல் கீழ்க் கால்களைச் சேர்த்து ஆம்பின் ரிமோட்டுக்குக் கொண்டுபோங்கள். மற்ற வரிசையின் நடுக்காலில் ஏசிசி (சாவியைத் திருப்பினால் மட்டும் வரும்) 12 வோல்ட், ஒரு பக்கக் கால் மட்டும் ரிலேக்களுக்கு, மறுபக்கம் காலி. இப்போது சீரிஸிலிருந்து பேரலலுக்குப் போக வேண்டுமென்றால் நடு நிலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அங்கே ஆம்ப் ஆஃப். நடுவில் இரண்டு மூன்று வினாடி நிறுத்திவிட்டு அப்புறம் தட்டுங்கள். பேரலலிலிருந்து திரும்பும்போது மட்டும் ஆம்ப் அடங்குவதற்குள் ரிலே முந்திக்கொள்ளும், ஆகவே முதலில் வால்யூமை இறக்கிவிடுங்கள்.

கேள்வி, திருச்சி: வீட்டில் ஐந்து கால் ஹார்ன் ரிலே சும்மா கிடக்கிறது. அதையே போடலாமா?

மூடியில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். ஐந்து கால் என்றாலே 87ஏ இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கால்களிலும் 87 என்றே போட்ட ரிலேவும் கடையில் இருக்கிறது. அதில் இரண்டும் இழுத்தால் மட்டும் ஒட்டும், ஓய்வில் எதையும் தொடாது. சீரிஸ் பேரலல் வேலைக்கு அது உதவாது. படம் அழிந்திருந்தால் மீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து 30க்கும் நடுக்காலுக்கும் இடையே தொடுங்கள். ஓய்வில் கத்தினால் அது 87ஏ.

கேள்வி, சென்னை: 1 ஓமில் 1000 வாட் ஆம்ப். ரிலேவில் 40 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. தாங்குமா?

கணக்குப் போடுவோம். 1 ஓமில் 1000 வாட் என்றால் 31.6 ஆம்பியர். மதுரைக்காரருக்குச் சொன்ன முறையில் டூயல் 2 ஓம் வூஃபரை இணைத்தால் ஒவ்வொரு ரிலேவும் ஒரு வாய்ஸ் காயிலின் கரண்டை மட்டுமே சுமக்கும், அதாவது ஏறத்தாழ 16 ஆம்பியர். சுமப்பதில் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வெட்டுவதில். அந்த 40 ஆம்பியர் கணக்கு 14 வோல்ட் பேட்டரிக் கரண்டுக்கு எழுதியது. உங்கள் ஆம்ப் 1 ஓமில் 1000 வாட் தள்ளும்போது வெளியே வருவது 31.6 வோல்ட், உச்சத்தில் 45 வோல்ட் பக்கம். அந்த வோல்ட்டில் ஓடும் கரண்டை நடுவில் முறித்தால் தொடுமுனை கருகும், கொஞ்ச நாளில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆம்பை நிறுத்திவிட்டு மாற்றச் சொல்கிறேன்.

ரிச்சி தெருவில் வாங்கும் ரெடிமேட் ரிலே சாக்கெட்டுகளையும் கவனியுங்கள். பலவற்றில் 30, 87 வயர்களே நூல் மாதிரி இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் லக் அழுத்திப் போடுங்கள். ரிலேவை சப் பெட்டியின் மேல் திருகாதீர்கள். டிக்கியின் ஓரத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி வண்டியின் தகட்டில் பொருத்துங்கள்.

கேள்வி, கோவை: ரிலேவுக்கு 12 வோல்ட்டை செட்டின் ரிமோட் வயரிலேயே எடுத்துக்கொள்ளலாமா? டையோடு கட்டாயமா?

வேண்டாம். ஒரு ரிலேவின் காயில் 150 மில்லியாம்பியர் அளவுக்கு இழுக்கும், இரண்டுக்கு 300. பல செட்டுகளின் ரிமோட் அதற்கே திணறும், அதோடு ஆம்பும் சேர்ந்தால் செட்டைக் கழற்றிக்கொண்டு சர்வீஸுக்கு அலைய வேண்டியதுதான். ஏசிசி லைனில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு எடுங்கள்.

டையோடு போடுங்கள், விலை ஒன்றுமே இல்லை. 1என்4007 ஒன்றை 85, 86 குறுக்கே, வெள்ளிக் கோடு உள்ள முனை ப்ளஸ் பக்கம் வரும்படி. ரிலே விடும்போது காயிலிலிருந்து கிளம்பும் எதிர் வோல்ட்டை அது விழுங்கிவிடும், சுவிட்ச் முனை தேயாது. உள்ளேயே டையோடு வைத்த ரிலேவாக இருந்தால் 85, 86ஐ மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

பாலிடெக்னிக் மாணவர், சேலம்: ப்ராஜெக்டுக்கு வாங்கிய நீல நிற ரிலே போர்டு இருக்கிறது. சாலிட் ஸ்டேட் ரிலேவும் (உள்ளே நகரும் தொடுமுனை இல்லாதது) இருக்கிறது. எது நல்லது?

சப்புக்கு இரண்டுமே வேண்டாம் தம்பி. நீல ரிலேவில் எழுதியிருப்பது 10 ஆம்பியர், போர்டின் செம்புப் பாதை அதைவிட மெல்லியது. டிசி சாலிட் ஸ்டேட் ரிலே ஒரு திசையில்தான் தடுக்கும். ஸ்பீக்கர் வயரில் ஓடுவது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாயும் கரண்ட், அதனால் ஆஃப் என்று நினைக்கும்போதும் பாதி அலை கசிந்துகொண்டிருக்கும், கேட்கச் சகிக்காது. நீலப் போர்டைப் புளூடூத்தோடு சேர்த்து, பெரிய ரிலேவின் 85, 86ஐ இயக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வான் வைத்திருப்பவர், யாழ்ப்பாணம்: அண்ணை, வானில ஒரே பெட்டியில ரெண்டு சப். தேவையில்லாத நேரம் ஒண்டை மட்டும் ரிலேயால நிப்பாட்டலாமோ?

வயரிங் சுலபம். நிறுத்த வேண்டிய சப்பின் ப்ளஸ் வயரில் ஒரே ஒரு நாலு கால் ரிலே போதும். ஒவ்வொன்றும் 2 ஓமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து 1 ஓம், ஒன்றை நிறுத்தினால் 2 ஓம், ஆம்புக்கு அது சுகம்தான். ஆனால் பெட்டியை முதலில் பாருங்கள். உள்ளே நடுவில் தடுப்புப் பலகை இல்லாவிட்டால், ஓடும் சப் தள்ளுகிற காற்று நின்ற சப்பின் கோனை ஆட்டும். கரண்ட் இல்லாமலே அது உள்ளே வெளியே போய்வரும், பேஸ் குழம்பிவிடும். ஆளுக்கொரு அறை இருந்தால் மட்டும் செய்யுங்கோ.

இன்னொன்று, மைனஸ் பக்கத்தை ரிலேயால் வண்டியின் பாடியோடு சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ப்ரிட்ஜ் பண்ணிய (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்பிலும் பல மோனோ கிளாஸ் டி ஆம்பிலும் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடுகிறது. அதைப் பாடியில் தொட்டால் ஆம்ப் போச்சு.

தனியார் பஸ் ஊழியர், நாமக்கல்: எங்கள் பஸ் 24 வோல்ட். இதே ரிலே வேலை செய்யுமா சார்?

12 வோல்ட் ரிலேவை 24ல் போட்டால் காயிலில் நாலு மடங்கு சூடு ஏறும், சீக்கிரமே கருகும். ஆம்புக்கு 24க்கு 12 கன்வெர்ட்டர் வைத்திருப்பீர்களே, அதன் வெளிப்பக்கத்திலிருந்து 12 வோல்ட் எடுங்கள். அல்லது மூடியில் 24 வோல்ட் என்று போட்ட ரிலேவை வாங்கி பஸ்ஸின் லைனிலேயே ஓட்டுங்கள். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு பேட்டரியும் சமமில்லாமல் போய் இரண்டுமே வீணாகும்.

கேள்வி, தஞ்சாவூர்: சீட்டில் இருந்துகொண்டே சப்பின் ஃபேஸை மாற்றிக் கேட்க வேண்டும். வூஃபர் வயரைத் தலைகீழாக்க ரிலே போதுமா?

ஐந்து கால் ரிலே இரண்டு போதும். வூஃபரின் ப்ளஸ் ஒரு ரிலேவின் 30ல், மைனஸ் மற்றதின் 30ல். முதல் ரிலேவில் 87ஏ ஆம்ப் ப்ளஸ், 87 ஆம்ப் மைனஸ். இரண்டாவதில் அப்படியே எதிர்மாறு. ஒன்று மட்டும் இழுத்தால் வூஃபரின் இரண்டு முனையும் ஆம்பின் ஒரே முனையில் நிற்கும், சத்தம் வராது, கெடுதலும் இல்லை. ஆனால் பொறியால் ஷார்ட் ஆகும் ஆபத்து இதிலும் உண்டு, ஆகவே ஆம்பை நிறுத்திவிட்டே தட்டுங்கள். செட்டின் மெனுவில் சப் ஃபேஸ் 0, 180 என்று இருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை. இல்லாவிட்டால் தவில் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு நிலையிலும் கேளுங்கள். எதில் அடி கனமாக, முன்னாலிருந்து வருவது போல் இருக்கிறதோ அதன்படி வயரை நிரந்தரமாக மாட்டிவிட்டு, இரண்டு ரிலேவையும் கழற்றி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.