பிஸ்போக்: சொல்லிவைத்துச் செய்வது பற்றிச் சில கேள்விகள்

சார், ஆங்கில விளம்பரங்களில் 'பிஸ்போக்' என்று அடிக்கடி கண்ணில் படுகிறது. கஸ்டம் மேட் என்பதற்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா, இல்லை சும்மா பந்தாவுக்கா?

பொருள் ஏறக்குறைய ஒன்றுதான், ஊர் வேறு. பிரிட்டிஷ்காரர் பிஸ்போக் என்பார், அமெரிக்கர் கஸ்டம் மேட் என்பார். பந்தா பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

'பிஸ்பீக்' என்று ஒரு பழைய வினைச்சொல் உண்டு, அதிலிருந்து பிறந்ததுதான் பிஸ்போக். பிஸ்பீக் என்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது. "ஞாயிற்றுக்கிழமைக்கு வஞ்சிரம் சொல்லிவைத்திருக்கிறேன்" என்று நாம் சொல்கிறோமே, அச்சாக அதேதான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் புழங்கியிருக்கிறது. செருப்பைச் சொல்லிவைப்பார்கள், கோச்சு வண்டியைச் சொல்லிவைப்பார்கள், வழியில் தங்கும் விடுதியில் இரவுச் சாப்பாட்டைக்கூடச் சொல்லிவைப்பார்கள். பொருளுக்கு முன்னால் அடைமொழியாக, 'பிஸ்போக் இன்னது' என்று வருவது 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் காணக் கிடைக்கிறது. அப்புறம் ரெடிமேட் கடைகள் பெருகப் பெருக, "இது ரெடிமேட் இல்லை, சொல்லிச் செய்தது" என்று பிரித்துக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது, அது நிலைத்துவிட்டது.

லண்டன் சாவில் ரோ தையல்காரர்கள்தான் இந்தச் சொல்லை உண்டாக்கினார்கள் என்று படித்தேன். ஒருவர் தேர்ந்தெடுத்த துணியை 'இது வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது' என்று தனியே எடுத்து வைப்பார்களாம், அதிலிருந்து வந்ததாமே?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. சாவில் ரோ தெருவே 1730களில்தான் கட்டப்பட்டது. பர்லிங்டன் பிரபுவின் மனைவி டாரத்தி சாவில் பெயரை வைத்தார்கள். தையல் கடைகள் அந்தப் பக்கம் வந்தது அதற்கும் பிறகு. பெயர்பெற்ற ஹென்றி பூல் கடை அந்தத் தெருவில் வாசல் திறந்தது 1846இல். வினைச்சொல்லோ தெருவுக்கு நூறு வருடத்துக்கு மேல் மூத்தது, அதுவும் துணிக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை. சாவில் ரோ அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது, அவ்வளவுதான்.

மேட் டு மெஷர், மேட் டு ஆர்டர், பிஸ்போக். மூன்றிலும் ஆர்டர் கொடுத்துத்தானே செய்கிறார்கள்? எங்கே வேறுபடுகின்றன?

பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட வைத்துக்கொள்ளும் மாதிரி வடிவம், எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், குழப்பம் போய்விடும்.

மேட் டு ஆர்டர் என்றால் டிசைனும் அளவும் ஏற்கெனவே முடிவானவை, நீங்கள் கேட்ட பிறகு செய்கிறார்கள், அவ்வளவே. மேட் டு மெஷரில் கடையிடம் தயாராக ஒரு பேட்டர்ன் இருக்கும். உங்கள் தோளுக்கும் இடுப்புக்கும் ஏற்ப அதைக் கூட்டிக் குறைத்து வெட்டுவார்கள், பெரும்பாலும் மெஷினில்.

சாவில் ரோக்காரர்கள் சொல்லும் பிஸ்போக்கில் அப்படித் தயாராக எதுவும் இருக்காது. கட்டிங் மாஸ்டர் உங்களை அளவெடுத்து, ஒரு தோள் சற்று இறங்கியிருக்கிறதா, லேசாகக் கூன் போட்டு நிற்கிறீர்களா என்றெல்லாம் குறித்துக்கொண்டு, பழுப்புத் தாளில் உங்களுக்கென்று புதிதாகப் பேட்டர்ன் வரைவார். பிறகு துணியை வெட்டி வெள்ளை நூலால் தளர்வாகத் தற்காலிகத் தையல் போட்டு உடுத்திப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்த பிறகு அதை மொத்தமாகப் பிரித்து, சாக்கட்டியால் திருத்தி, மறுபடி வெட்டி, மறுபடி ட்ரயல். இப்படி ஒரு சூட்டுக்கு ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாமல் கைவேலை ஆகும், கைக்கு வந்து சேரச் சில மாதங்கள் பிடிக்கும். தாள் பேட்டர்னைத் தூக்கிப் போடமாட்டார்கள், அடுத்த சூட்டுக்கு உதவும் (அதற்குள் நமக்கு வயிறு வைத்துவிட்டால் அதே தாளில் திருத்துவார்கள்). விலையைக் கேட்காதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் எங்கள் தெருமுனை டெய்லர் தைத்துத் தரும் ரவிக்கை பிஸ்போக் ஆகாதா?

ஏன் ஆகாது? நீங்கள் துணி கொடுக்கிறீர்கள், கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், பின்னால் நாடாவா கொக்கியா என்று சொல்கிறீர்கள், அதன் பிறகுதான் அந்தப் பொருளே உருவாகிறது. சொல்லின் பழைய பொருளில் இது நூற்றுக்கு நூறு பிஸ்போக்.

சாவில் ரோ கணக்கில் மட்டும் சேராது. 'அளவு ரவிக்கை' ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறோம், டெய்லர் அதைப் பார்த்துத் துணியிலேயே கோடு போட்டு வெட்டுகிறார், நடுவில் ட்ரயலும் கிடையாது, தாளில் பேட்டர்னும் கிடையாது. அங்கே சில மாதம் எடுக்கும் வேலையை இங்கே முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கேட்டு நிற்போம். அந்த நெருக்கடியிலும் கச்சிதமாகத் தைத்துத் தருகிறவரை நான் எந்தச் சாவில் ரோக்காரருக்கும் குறைத்து மதிக்கமாட்டேன்.

மெஷினில் தைத்ததை பிஸ்போக் என்று விற்றால் அது ஏமாற்று வேலை இல்லையா? சட்டம் ஒன்றும் சொல்லாதா?

பிரிட்டனிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. மெஷினில் வெட்டித் தைக்கும் ஒரு நிறுவனம் தன் சூட்டுகளை பிஸ்போக் என்று விளம்பரம் செய்ய, புகார் அங்குள்ள விளம்பரத் தர ஆணையத்திடம் போனது. 2008இல் ஆணையம் சொன்ன முடிவு: பிஸ்போக் என்றால் முழுக்கக் கையால் செய்தது என்று பெரும்பாலான மக்கள் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே விளம்பரத்தில் தவறில்லை. கைவேலைக்காரர்களுக்கு அது பெரிய அடி.

பிரான்சில் ஆளுக்கென்று அளவெடுத்துச் செய்யும் உயர்தர ஆடைக்கு வழங்கும் 'ஓத் கூத்யூர்' என்ற பெயருக்கு 1945இலிருந்தே சட்டக் காவல் இருக்கிறது, கண்டவரும் பலகையில் எழுதிக்கொள்ள முடியாது. பிஸ்போக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் இன்று ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்து நிற்கிறது. சாம்சங் 2019இல் கொண்டுவந்த பிஸ்போக் வரிசையில் கதவுப் பலகையின் நிறத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். நிறம் தேர்ந்தெடுப்பதற்கெல்லாம் இந்தச் சொல்லா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

'பிஸ்போக்டு' என்று எழுதலாமா? உச்சரிப்பு எப்படி?

எழுதக் கூடாது. பிஸ்போக் என்பதே இறந்தகால வடிவம், அதற்கு மேல் இன்னொரு வாலா? 'பிஸ்போக்கன்' என்ற வடிவம் அகராதியில் உண்டு, புழக்கத்தில் குறைவு. அழுத்தம் இரண்டாம் அசையில், பி-ஸ்போக். பெஸ்போக் வேண்டாம்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். ரெஸ்யூமேயில் 'பிஸ்போக் சொல்யூஷன்ஸ்' என்று போடலாமா?

ஒரே ஒரு நிறுவனத்துக்காக அடியிலிருந்து எழுதிய மென்பொருள் என்றால் தாராளமாகப் போடலாம், பிரிட்டனில் 'பிஸ்போக் சாஃப்ட்வேர்' என்பது சாதாரண வழக்கு. தயாராக இருந்த பேக்கேஜில் நாலு செட்டிங் மாற்றிக் கொடுத்திருந்தால் 'கஸ்டமைஸ்டு' என்று போடுங்கள், இன்டர்வியூவில் நோண்டிக் கேட்டால் சமாளிப்பது கஷ்டம். அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 'கஸ்டம்' போதும்.