இடித்துவிட்டு ஓடிவிட்டார்கள், காப்புறுதிக்கு என்ன சொல்வது?

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. ஞாயிறு காலை இறங்கிப் பார்த்தால், வெளியே நிறுத்தியிருந்த காரின் வலப்பக்கப் பின்கதவும் மட்காட்டும் நசுங்கிக் கிடந்தன. பின்விளக்கு உடைந்திருந்தது. இரவு இரண்டு மணிபோல் சத்தம் கேட்டதாக வாச்சர் சொல்கிறார். எதிர்க்கடைக் கமராவில் ஒரு வெள்ளை வான் தெரிகிறது, இலக்கத்தில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் புரிகின்றன. பொலிசுக்குப் போனேன், முழு இலக்கமில்லாமல் என்ன செய்வது என்றார்கள். கராஜ் பாஸ், "பொலிசுக்கு அலைய வேண்டாம். ரிவேர்ஸ் எடுக்கும்போது மதிலில் அடிபட்டது என்று இன்ஷூரன்சுக்குச் சொல்லுங்கள், எல்லாம் முடிந்துவிடும்" என்கிறார். எனக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அப்படிச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். கராஜ்காரர் உங்களுக்கு உதவுவதாக நினைத்தே சொல்கிறார், ஆனால் அந்த ஒரு வரி உங்கள் கிளைம் முழுவதையும் விழுத்திவிடும்.

காப்புறுதி ஒப்பந்தம் நிற்பதே நீங்கள் சொல்லும் விபரம் உண்மை என்ற நம்பிக்கையில்தான். விபத்து நடந்த விதத்தை மாற்றிச் சொன்னது தெரிந்தால், நிறுவனம் ஒரு சதமும் தராமல் மறுக்கலாம். தெரியவராது என்று நினைக்காதீர்கள். பார்வையிட வரும் அசெசருக்கு இதுதான் தினசரி வேலை. நசுங்கல் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கீறல் முன்னிருந்து பின்னா பின்னிருந்து முன்னா, ஒட்டியிருப்பது சுண்ணாம்புத் தூளா வெள்ளைப் பெயின்டா என்று பார்ப்பார். மதிலில் ரிவேர்சில் போய் அடித்த கார் பஃபரில்தான் முதலில் காயப்படும். உங்கள் காருக்கு அடி விழுந்திருப்பது பக்கவாட்டில்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தப் பொய்யால் உங்களுக்கு எந்த இலாபமும் இல்லை. ஃபுல் இன்ஷூரன்ஸ் என்பது உங்கள் சொந்த வாகனத்தின் விபத்துச் சேதத்துக்கும் பணம் தருகிற காப்புறுதி. இடித்தவன் அகப்பட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை இல்லை. "நிறுத்தியிருந்த வாகனத்தை இரவில் அடையாளம் தெரியாத வாகனம் மோதிச் சென்றது" என்று நடந்ததை நடந்தபடி சொன்னாலே கிளைம் செல்லும். பாஸ் சொன்ன வழியில் மிச்சமாவது பொலிசுக்குப் போய்வரும் அரை நாள் மட்டும்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காரை நகர்த்தாதீர்கள், கராஜுக்கும் கொண்டுபோகாதீர்கள். காப்புறுதி அட்டையில் இருக்கும் இருபத்துநான்கு மணிநேர இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அழைத்த நேரம், பேசியவர் பெயர், அவர் தரும் கிளைம் இலக்கம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அசெசர் நேரில் வருவார். சிறிய சேதமென்றால் சில நிறுவனங்கள் வீடியோ அழைப்பிலேயே பார்த்துவிடுகின்றன. வழியை மறித்து நிற்கிறது, கட்டாயம் நகர்த்தத்தான் வேண்டும் என்றால், முதலில் ஒழுங்கை முழுவதும் தெரிகிற மாதிரித் தூரத்திலிருந்து படமெடுங்கள். அப்புறம் கிட்டப் போய் எடுங்கள். நிறுவனத்திடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு நகர்த்துங்கள்.

தரையில் கிடக்கும் கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். உங்கள் விளக்கு உடைந்திருந்தால், மோதிய வானிலும் ஏதோ உடைந்திருக்கும். விளக்குக் கூட்டின் உட்புறத்தில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் பாக இலக்கம் அச்சாகியிருக்கும். அதை வைத்து வானின் மொடலைக் கண்டுபிடிக்கலாம். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, ஒரு பையில் போட்டுப் பொலிசில் கொடுங்கள்.

கமராப் பதிவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடைகளில் இருக்கும் கருவிகள் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். கடைக்காரரிடம் பென் டிரைவில் கேளுங்கள். அவருக்கு எடுக்கத் தெரியாவிட்டால், திரையைத் தொலைபேசியில் படம் பிடியுங்கள். திகதியும் நேரமும் தெரிய வேண்டும். கருவியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள், பல இடங்களில் அது முன்னும் பின்னுமாகவே ஓடுகிறது. வான் காலி வீதிப் பக்கம் திரும்பியதா, மரைன் டிரைவ் பக்கம் போனதா என்பது தெரிந்தால், அந்த வழியில் உள்ள மற்றக் கமராக்களையும் பார்க்கும்படி பொலிசைக் கேட்கலாம். கொழும்பு நகரில் பொலிசின் சொந்தக் கமரா வலையமைப்பு இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வீதி ஒழுங்கு மீறல்களையே அதை வைத்துப் பிடிக்கிறார்கள். இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் வெள்ளை வானைப் பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் வெள்ளை வான் எத்தனை ஓடுகிறது!

இனிப் பொலிஸ். முழு இலக்கமில்லாமல் முறைப்பாடு எடுக்க முடியாது என்பது சரியல்ல. விபத்து நடந்தால் சாரதி நிற்க வேண்டும், விபரம் கொடுக்க வேண்டும், பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கும் கடமை. நிற்காமல் ஓடியது குற்றம். குற்றத்தை முறையிட வந்தவரே குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திரும்பப் போங்கள், போக்குவரத்துப் பிரிவில் கேளுங்கள், மறுத்தால் பொறுப்பதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். என்ட்ரி போட்டதும் அதன் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "இதில் ஒப்பமிடுங்கள்" என்று நீட்டுவார்கள். வாசிக்கத் தெரியாத எதிலும் ஒப்பமிடாதீர்கள். கொழும்பிலும் அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் செய்யும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் வாக்குமூலத்தை நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கக் கேளுங்கள். கோபப்படத் தேவையில்லை, நிதானமாக விடாமல் கேட்டால் போதும். "நிறுத்தியிருந்த கார்" என்பது "ஓடிக்கொண்டிருந்த கார்" என்று மாறி எழுதப்பட்டால், பின்னால் அதைத் திருத்தப் படும் பாடு கொஞ்சமில்லை.

அதன் பின் கராஜில் எஸ்டிமேட் எடுத்து நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை டிங்கரிங் வேலையைத் தொடங்க விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களையும் எறிய வேண்டாம், நிறுவனம் அவற்றைக் கேட்கும்.

கேள்வி (அதே வாசகர்): எஸ்டிமேட் நான்கு இலட்சம் வருமாம். முழுவதும் கிடைக்குமா?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. எங்கெங்கே வெட்டுவார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

எக்ஸஸ் என்று ஒரு தொகை உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அதை நீங்கள்தான் ஏற்க வேண்டும். பழைய காருக்குப் புதிய பாகம் போட்டால், தேய்மானம் என்று ஒரு வீதம் கழிப்பார்கள். இவை இரண்டும் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தவை. பலருக்குத் தெரியாதது மூன்றாவது.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட வருடங்களில் பலர், தவணைக் கட்டணம் கூடிவிடும் என்று காப்புறுதித் தொகையைப் பழைய விலையிலேயே விட்டுவிட்டார்கள். இப்போது உங்கள் காரின் சந்தை விலை எண்பது இலட்சம், நீங்கள் காப்புறுதி செய்திருப்பது ஐம்பது இலட்சத்துக்கு என்று வையுங்கள். காரின் எட்டில் ஐந்து பங்குக்குத்தான் நீங்கள் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள் என்று நிறுவனம் கணக்குப் போடும். நான்கு இலட்சத்துச் சேதத்துக்கு இரண்டரை இலட்சம்தான் கணக்கில் வரும், எக்ஸசும் தேய்மானமும் அதற்குப் பிறகு கழியும். கார் முழுதாக நாசமானால்தான் விலை பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் நொந்துபோகிறார்கள். சில ஒப்பந்தங்களில் இந்த விகிதக் கழிவுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் இரண்டு கார் விற்பனை நிலையங்களில் இன்றைய விலையை விசாரித்து, தொகையைக் கட்டாயம் திருத்துங்கள்.

கிளைம் போடாத வருடங்களுக்காகத் தவணைக் கட்டணத்தில் தரும் கழிவு, அதாவது நோ கிளைம் போனசும் குறையும். பிழை உங்களுடையதில்லை என்றாலும், பணம் கொடுப்பது உங்கள் நிறுவனம் என்பதால் குறைக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் நடைமுறை அதுதான். வான் பிறகு பிடிபட்டு, அந்தத் தரப்பிலிருந்து உங்கள் நிறுவனம் பணத்தை மீட்டால், போனசைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சேதம் மிகச் சிறியது என்றால், கிளைமே போடாமல் சொந்தச் செலவில் திருத்துவது மலிவா என்றும் கணக்குப் பாருங்கள். நான்கு இலட்சத்துக்கு அந்தக் கேள்வி எழாது.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருந்து ஓட்டோ ஓடுகிறேன். பேஸ்லைன் வீதியில் ஒரு ஜீப் பின்னால் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் இருந்தேன். இலக்கம் யாரும் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: தம்பி, ஓட்டோவுக்கு உங்கள் காப்புறுதியில் எதுவும் வராது. தேர்ட் பார்ட்டி என்பது நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கு மட்டும்.

ஆனால் காலுக்கு ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாமலே போகிறது. அடையாளம் தெரியாத வாகனம் மோதிக் காயமடைந்தவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பத்துக்கும், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை நட்டஈடு கொடுக்கிறது. காலை ஊன்ற முடியாவிட்டால் வீட்டார் யாரையாவது அங்கே அனுப்பி, விண்ணப்பப் படிவமும் என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற விபரமும் எடுங்கள். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: பொலிஸ் முறைப்பாட்டின் சான்றுப்படுத்திய பிரதி, ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துப் பற்றுச்சீட்டுகள். ஆஸ்பத்திரிப் பொலிஸ் உங்களிடம் வாக்குமூலம் எடுத்திருந்தால், அது எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். விபத்து நடந்த இடத்துக்குரிய நிலையத்திலும் அது பதிவாகியிருக்க வேண்டும்.

ஜீப் பிறகு அகப்பட்டால் கதை வேறு. அப்போது நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அந்த ஜீப்பின் காப்புறுதி நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு காலாவதி. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுகிறார்கள். முறிந்த காலோடு ஓட்டோ ஓட முடியாத ஒவ்வொரு நாளும் உங்கள் நட்டம்தான். லீசிங் கட்டிய துண்டுகள், வழக்கமாக ஓடிய ஹயர்களின் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: தெஹிவளையில் என் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு ஓடியவர், கமராவில் அகப்பட்டதும் ஆள் அனுப்பி, "காசு தருகிறோம், என்ட்ரியை வாபஸ் வாங்குங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாகனச் சேதத்துக்கு மட்டும் என்றால், பொலிஸ் நிலையத்தில் வைத்து, எழுத்தில், தொகையைக் குறிப்பிட்டு வாங்கலாம். வீதியோரத்திலோ தேநீர்க் கடையிலோ வாங்காதீர்கள். உங்கள் காப்புறுதியிலும் கிளைம் போட்டிருந்தால், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது மோசடி. உடம்பில் அடிபட்டிருந்தால், டொக்டர் சிகிச்சை முடிந்தது என்று சொல்லும்வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ள எந்தக் கடிதத்திலும் ஒப்பமிடாதீர்கள். நிற்காமல் ஓடிய குற்றத்தை என்ன செய்வது என்பது பொலிசும் நீதிமன்றமும் பார்க்கும் விஷயம். உங்கள் ஒப்பத்தால் அது மறைந்துவிடும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

கேள்வி: கிளைம் போட்டு மாதக்கணக்கு ஆகிறது. "பார்க்கிறோம்" என்கிறார்கள். எங்கே முறையிடுவது?

பதில்: தொலைபேசியில் கேட்பதை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கடிதம் அல்லது மின்னஞ்சல் எழுதுங்கள். கிளைம் இலக்கம், நீங்கள் ஆவணங்கள் கொடுத்த திகதிகள், கேட்கும் தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால், காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணமில்லை. நிறுவனம் நடந்துகொண்ட முறையே பிழை என்றால், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது, நிறுவனத்துக்கு எழுதினீர்களா, அவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்பதுதான்.

கேள்வி: டேஷ் கேம் வாங்கலாமா? நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகுமா?

பதில்: வாங்கலாம், ஆனால் "பார்க்கிங் மோட்" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சிகரெட் லைட்டரில் செருகும் கமராவுக்குப் பல கார்களில் சாவியை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடும். நிறுத்தியிருக்கும்போதும் ஓட வேண்டுமென்றால் பியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், பட்டரி இறங்கினால் தானாக நிற்கும் அமைப்பும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. வெயிலில் நிற்கும் காருக்கு, உள்ளே லித்தியம் பட்டரி உள்ளதைவிடக் கப்பாசிட்டர் உள்ளது நல்லது. லித்தியம் பட்டரி சூட்டில் ஊதிவிடும். முன்னுக்கு மட்டுமல்லாமல் பின்னுக்கும் கமரா உள்ளதாகப் பாருங்கள். மெமரி கார்டை, தொடர்ந்து எழுதத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறையாவது ஒரு பதிவைத் திறந்து இலக்கத்தகடு வாசிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள்.