விமானத்துக்குள் வீசும் வாடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஹெப்பா ஃபில்டர் இருந்தும் நாற்றம் ஏன் போவதில்லை?

ஹெப்பா (HEPA) என்பது கேபினில் சுற்றும் காற்றை வடிகட்டும் நுண் ஃபில்டர். அது பிடிப்பது துகள்களை: 0.3 மைக்ரான் அளவில் 99.97 சதவீதம். வாடையோ வாயு, அது அப்படியே புகுந்து வந்துவிடும். கரித்தூள் சேர்த்த ஃபில்டர் சில விமானங்களில்தான் உண்டு. மற்றவற்றில் வெளிக்காற்று வந்து வாடையைத் தள்ளினால்தான் வழி. கேபின் காற்றில் ஏறத்தாழ பாதி வெளியிலிருந்து வருவது. மணிக்கு 20 முதல் 30 முறை மொத்தக் காற்றும் மாறும். ஆகவே ஒருமுறை கிளம்பிய வாடை சில நிமிடங்களில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது என்று பொருள்.

புறப்படும்போது ஊறிப்போன சாக்ஸ் நாற்றம் அடித்தது. ஆபத்தா?

முதலில் பக்கத்து சீட்காரர் ஷூவைக் கழற்றியிருக்கிறாரா என்று பாருங்கள்! இல்லையென்றால் கவனிக்க வேண்டிய விஷயம்தான். பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபினுக்கான காற்று எஞ்சின் கம்ப்ரஸரிலிருந்தே எடுக்கப்படுகிறது. அங்குள்ள ஆயில் சீல் தேய்ந்தாலோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, சூடான ஆயிலின் ஆவி காற்றோடு கலந்துவிடும். எஞ்சின் வேகம் மாறும் நேரங்களில், அதாவது டேக் ஆஃபிலும் இறங்கத் தொடங்கும்போதும், இது தலைகாட்டும். போயிங் 787 எஞ்சின் காற்றை எடுப்பதில்லை. மின் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றை நேரடியாக இழுக்கின்றன.

வாடை வந்த நேரமே பாதி துப்பு. தரையில் நிற்கும்போது எரிபொருள் வாடை வந்தால், பெரும்பாலும் அது பக்கத்து விமானத்தின் புகை, கிளம்பியதும் போய்விடும். பனி நீக்கும் திரவம் தெளித்த பிறகு இனிப்பான வாடை வந்தால் அது அத்திரவத்திலுள்ள கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள். இவற்றுக்குக் கவலை வேண்டாம். சாக்ஸ் வாடையையும் கருகல் வாடையையும் மட்டும் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். சீட் எண், நேரம், எந்தக் கட்டத்தில் வந்தது என்ற மூன்றும் பதிவேட்டில் ஏறினால் மெக்கானிக் தேடும் இடம் சுருங்கும். ‘நாறுகிறது’ என்று மட்டும் எழுதினால் தரையில் ஒன்றும் கிடைக்காது. தலைவலி, தலைச்சுற்றல் இருந்தால் இறங்கிய அன்றே மருத்துவரைப் பாருங்கள். சூடான ஆயில் ஆவியோடு வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும், தாமதித்தால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

கழிப்பறை அருகே சீட் கிடைத்தால்?

கழிப்பறைக் காற்று கேபினுக்குத் திரும்புவதில்லை. நேராக வெளியே போகிறது. கதவு திறந்து கிடந்தால்தான் தொல்லை. மூடியைச் சாத்திவிட்டு ஃப்ளஷ் செய்தால் போதும்.

தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறக்கலாமா?

திறக்கலாம். மேலிருந்து வரும் காற்று, பக்கச் சுவரின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும். பையை வைத்து அவற்றை அடைக்காதீர்கள்.

புகை வந்தால் மேலிருந்து விழும் மாஸ்க் உதவுமா?

உதவாது. அது உயரத்தில் காற்றழுத்தம் குறைவதற்கானது. ஆக்ஸிஜனோடு கேபின் காற்றையும் கலந்தே தரும், புகையும் கூடவே உள்ளே போகும். தலையைத் தாழ்த்தி, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். அது புகைத் துகளை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. விமானிகளின் மாஸ்க் வேறு. அதில் முழு ஆக்ஸிஜன் வரும்.