3 பிளையா, 5 பிளையா? அட்டைப்பெட்டி கேள்வி பதில்

வீட்ல இருந்தே கடலை மிட்டாய், முறுக்கு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் கூரியர்ல அனுப்புறேன். பெட்டி ஆர்டர் பண்ணப் போனா 3 பிளை வேணுமா 5 பிளை வேணுமான்னு கேக்கறாங்க. 5 பிளை தான் ஸ்ட்ராங்னு சொல்லி விலையும் கூட வாங்கறாங்க. எதை வாங்கறது சார்?
- வாசகி, கோவில்பட்டி

பிளைங்கறது எத்தனை தாள் ஒட்டியிருக்குங்கற கணக்கு மட்டும்தாங்க, அந்த தாள் நல்ல தாளா சோப்ளாங்கி தாளான்னு அது சொல்லவே சொல்லாது. ரெண்டு பக்கமும் நேர் தாள், நடுவுல நெளிநெளியா ஒரு தாள், இது 3 பிளை. நேர் தாள் மூணு, நெளி தாள் ரெண்டுன்னா 5 பிளை. அவ்வளவுதான். அதனால அடுத்த தடவை போறப்ப ஜிஎஸ்எம் எவ்வளவு பிஎஃப் எவ்வளவுன்னு கேளுங்க, கேட்ட உடனே எதிர்ல இருக்கறவரு பேசற தோரணையே மாறும்.

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கறது. பிஎஃப்னா பர்ஸ்டிங் ஃபேக்டர், அழுத்தினா அந்த தாள் எந்த அளவுக்கு கிழியாம தாங்கும்னு காட்டற எண். ரெண்டையும் பெருக்கி 1000-ஆல வகுத்தா ஒரு சதுர செமீக்கு இத்தனை கிலோ தாங்கும்னு வரும், நெளி தாளுக்கு மட்டும் அதுல பாதி தான் எடுத்துக்குவாங்க. இப்ப போட்டுப் பாருங்க. 100 ஜிஎஸ்எம், 16 பிஎஃப் தாள்ல 5 பிளை போட்டா நேர் தாள் மூணுக்கு 4.8, நெளி ரெண்டுக்கு 1.6, மொத்தம் 6.4. அதே 150 ஜிஎஸ்எம், 20 பிஎஃப் தாள்ல வெறும் 3 பிளை போட்டாலே நேர் தாள் ரெண்டுக்கு 6, நெளிக்கு 1.5, ஆக 7.5 வந்துடுது. மட்டமான 5 பிளையை நல்ல 3 பிளை தாண்டிடுச்சா இல்லையா?

ஆனா இது கிழியாம இருக்கறதுக்கான கணக்கு மட்டும்தான். பெட்டி மேல பெட்டி அடுக்கறப்ப நசுங்காம நிக்கணும்னா அட்டைக்கு தடிமனும் வேணும், அங்க 5 பிளைக்கு மதிப்பு உண்டு, அதை மறுக்க முடியாது. உங்களுக்கு என் யோசனை: மிட்டாய் முறுக்குக்கு நல்ல தாள்ல 3 பிளை தாராளமா போதும். ஊறுகாய் பாட்டிலுக்கு 5 பிளை, கூடவே உள்ள அட்டை பார்ட்டிஷன் கட்டாயம் போடுங்க, பாட்டிலும் பாட்டிலும் ஒண்ணோட ஒண்ணு முட்டித்தான் பாதி உடையுது, வெளியில எத்தனை பிளை இருந்தாலும் அதுக்கு உதவாது.

நெளியிலயும் ரெண்டு ரகம் சொல்லுவாங்க. பிராட் புளூட்னா நெளி பெருசு, கிட்டத்தட்ட 5 மிமீ உயரம், குஷன் மாதிரி அமுங்கிக் கொடுக்கும். நேரோ புளூட்னா 3 மிமீக்குள்ள, பரப்பு சமமா இருக்கறதால பிரிண்டிங் அழகா விழும். உங்க பிராண்ட் பேரை பெருசா அடிக்கணும்னா நேரோ கேளுங்க.

கூரியர்ல பொருளோட எடையை விட கூட சார்ஜ் போடறாங்களே, 3 கிலோ பார்சலுக்கு 7 கிலோன்னு பில் வருது. ஏமாத்தறாங்களா?
- வாசகர், ஈரோடு

இல்லங்க, அது வால்யூம் எடை. வண்டியில உங்க பெட்டி அடைக்கற இடத்துக்கு காசு. நீளம் அகலம் உயரம் மூணையும் செமீல பெருக்கி நிறைய கம்பெனிக்காரங்க 5000-ஆல வகுப்பாங்க, வர்ற எண்ணும் உண்மை எடையும் எது அதிகமோ அதுக்கு பில். 40, 30, 30 பெட்டின்னா 7.2 கிலோ ஆகிடுது. அதே சாமானை 30, 25, 20 பெட்டியில அடக்க முடிஞ்சா சரியா 3 கிலோ தான். எல்லாத்துக்கும் ஒரே சைஸ் பெட்டி வாங்கி வெச்சா வேலை சுலபம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா காத்தை பார்சல் பண்ணி அனுப்பறதுக்கும் சேர்த்து காசு கட்டிட்டு இருக்காங்க. ரெண்டு மூணு சைஸ் வெச்சுக்கோங்க.

பெட்டி ஆர்டர் பண்றப்ப உள் அளவு சொல்லணுமா வெளி அளவா?
- வாசகர், கரூர்

உள் அளவு. நீளம், அகலம், உயரம், இதே வரிசையில, மிமீல சொல்லிட்டு 'உள் அளவு'ன்னு வாயைத் திறந்தும் சொல்லிடுங்க. 5 பிளைன்னா சுவரே 6, 7 மிமீ வரும், ரெண்டு பக்கமும் சேர்த்தா ஒண்ணரை செமீ போகலாம், சொல்லாம விட்டா பொருள் உள்ள நுழையாது.

குடோன்ல அடுக்கி வெச்ச பெட்டி மழைக்காலத்துல அடி வரிசை அப்படியே உக்காந்துடுது. ஓட்டுல ஒழுகலும் இல்ல, தண்ணியும் படல. பெட்டி மோசமா?
- வாசகர், தூத்துக்குடி

தண்ணி படணும்னு அவசியமே இல்ல. தாள் காத்துல இருக்கற ஈரத்தையே குடிக்கும். கடலோரம், மழைக்காலம், ஈரப்பதம் 90 சதவீதம்னு போச்சுன்னா அடுக்கு தாங்கற பலம் பாதியா கூட குறைஞ்சிடும். அதனால வெயில் காலத்துல எட்டு வரிசை நின்ன சரக்கு ஐப்பசி கார்த்திகையில நிக்கும்னு நம்பாதீங்க, வரிசையைக் குறைங்க. தரையில நேரா வெக்காம கட்டை பேலட் (சரக்கு வைக்கற மரத் தட்டு) மேல வைங்க, சுவரோட ஒட்டாம கொஞ்சம் இடம் விடுங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க சாயாம இருக்கட்டும்னு செங்கல் கட்டற மாதிரி மாத்தி மாத்தி அடுக்குவாங்க, பாக்க கெட்டியா தெரியும், ஆனா பெட்டியோட பலம் பெரும்பாலும் நாலு மூலையில தான் இருக்கு. மேல் பெட்டியோட மூலை கீழ்ப்பெட்டியோட நடுவுல உக்காந்தா அந்த பலம் வீணாப் போச்சு. மூலைக்கு நேரா மூலை வர்ற மாதிரி அடுக்கிட்டு, சாயற பயத்துக்கு சுத்தி ஸ்ட்ரெச் ஃபிலிம் (இழுத்துச் சுத்தற மெல்லிய பிளாஸ்டிக்) போட்டுக்கலாம். பெட்டியைப் படுக்க வெச்சும் அடுக்காதீங்க, நெளி செங்குத்தா நின்னா தான் தூண் மாதிரி சுமக்கும்.

பழைய பெட்டியை திரும்ப யூஸ் பண்ணலாமா?
- வாசகி, வேலூர்

துணிமணி, லேசான சாமான்னா பண்ணலாம். மூலை மடிஞ்சது, ஈரம் பட்டு காஞ்சது, ரெண்டையும் தள்ளிடுங்க. பழைய பார்கோடு லேபிளை கட்டாயம் கிழிச்சிடுங்க, இல்லன்னா ஸ்கேன்ல அது மாட்டி பார்சல் வேற ஊருக்கு சுத்தப் போயிடும். தின்பண்டத்துக்கு மட்டும் பழைய பெட்டி வேண்டாம், உள்ள செய்தித்தாளும் விரிக்காதீங்க, உணவை நியூஸ்பேப்பர்ல சுத்தறது விதிப்படியே கூடாது.

இந்த நெளி அட்டையை முதல்ல யாரு கண்டுபிடிச்சா, எதுக்கு?
- வாசகர், மதுரை

பெட்டிக்கே இல்ல சார், தொப்பிக்கு! 1856-ல இங்கிலாந்துல ஹீலி, ஆலன்னு ரெண்டு பேரு உயரமான தொப்பிக்கு உள்ள லைனிங் வைக்க நெளி தாளுக்கு பேட்டன்ட் எடுத்தாங்க. 1871-ல அமெரிக்காவுல ஆல்பர்ட் ஜோன்ஸ் அதை பாட்டில், விளக்கு சிம்னி சுத்தறதுக்குக் கொண்டு வந்தாரு, 1874-ல ஆலிவர் லாங் நேர் தாளும் நெளியும் சேர்த்து ஒட்டற முறைக்கு பேட்டன்ட் வாங்கினாரு. பெட்டியா மடிக்கற வேலை அதுக்கும் அப்புறம்தான்.