ஒரே ஆள், மூன்று பெயர்: பாஸ்போர்ட், விசா கேள்வி-பதில்

அண்ணனின் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரே சொல்தான். துபாய்க்கு விசிட் விசா கிடைக்கவில்லை. ஏன்? (குளச்சல் வாசகர்)

பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்து இடங்களாக இரண்டு வரிகள் இருக்கும். விமான நிலையக் கருவி வாசிப்பது அவற்றைத்தான். அங்கே குடும்பப்பெயருக்கு ஓர் இடம், சொந்தப் பெயருக்கு ஓர் இடம். நமக்கோ இனிஷியலும் பெயரும்தான் வழக்கம். இனிஷியலை விரித்து எழுதாவிட்டால் ஓர் இடம் காலியாகிவிடும். இப்படி ஒற்றைப் பெயரில் வருவோருக்கு விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துவிடுங்கள்.

அதற்கு முன் மற்ற ஆவணங்களைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜேசுதாசன், ஆதாரில் ஏசுதாஸ், வாக்காளர் அட்டையில் யேசுதாசன். மூன்றும் ஒரே ஆள் என்று ஊரே சாட்சி சொல்லும். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் கோப்பைப் பிரிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஆள்மாறாட்டம் செய்பவனும் இப்படித்தான் எழுத்தை மாற்றுகிறான். பல கோப்புகள் தேங்குவது இங்கேதான். அலுவலரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாட்டி விளவங்கோட்டில் 1952-இல் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லை. (மார்த்தாண்டம் வாசகி)

கவலை வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். பாட்டிக்கு வாக்காளர் அட்டை போன்றவை போதும்; பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், பழைய பள்ளிப் பதிவு மலையாளத்தில் இருக்கலாம். அதைக் கொடுப்பதானால் மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். ஞானஸ்நானச் சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. (தக்கலை வாசகர்)

வேலைக்காக வெளியூரில் இருந்தால், குடியிருக்கும் முகவரியையே கொடுத்திருக்க வேண்டும். இப்போது காவல் நிலையத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாத தம்பி, விசிட் விசாவில் சவூதிக்குப் போய் அங்கே வேலை விசா எடுக்கலாம் என்கிறார் ஏஜெண்ட். (தூத்தூர் வாசகி)

வேண்டாம் சகோதரி, அனுப்பாதீர்கள். தம்பியின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்குப் போகும்முன் அரசு அவருடைய ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் சரிபார்க்கும். விசிட் விசா அந்தக் காவலைத் தாண்டிக் குதிக்கும் வழி. அங்கே சம்பளம் நின்றால் காட்ட ஒரு தாளும் இருக்காது. ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அதில் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.