கணவருக்கு சுகுபாவில் வேலை, எனக்கும் கிடைக்குமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஜப்பானின் சுகுபாவில் கணவருக்கு 3 வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) கிடைத்திருக்கிறது, நான் இங்கே கணக்காளர், வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனால் அங்கே எனக்கு வேலை கிடைக்குமா, வீட்டை எந்தப் பக்கம் பார்ப்பது?

போங்கள். ஆனால் சுகுபா அறிவியல் நகரம் என்றதும் பெங்களூரு மாதிரி தெருவுக்குத் தெரு கம்பெனி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சுகுபா தானாக வளர்ந்த ஊர் இல்லை. டோக்கியோவின் நெரிசலைக் குறைக்க 1963ல் அரசு முடிவெடுத்து, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, வயலும் காடுமாகக் கிடந்த இடத்தில் தன் ஆய்வுக்கூடங்களைக் கொண்டுபோய் வைத்தது. 1973ல் பல்கலைக்கழகமும் வந்தது. தனியார் கம்பெனிகள் பிறகு வந்தாலும் ஊரின் அஸ்திவாரம் அரசின் ஆராய்ச்சிப் பணம்தான். அதில் ஆய்வாளருக்கு இடம் இருக்கிறது, கூட வருகிற கணக்காளருக்கு, அதுவும் ஜப்பானிய மொழி தெரியாமல், ரொம்பக் குறைவு.

இந்தக் கணக்கை மாற்றியது ரயில். 2005ல் சுகுபா எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் டோக்கியோவின் அகிஹபாரா 45 நிமிடத் தூரமாகிவிட்டது, டோக்கியோவில் வேலை பார்ப்பவர்கள் சுகுபாவில் குடிவந்தார்கள். அதே ரயில் ஊர்ப் பணத்தை வெளியேயும் கொண்டுபோனது. ஒரு பக்கம் டோக்கியோ, இன்னொரு பக்கம் காரில் போகிற தூரத்தில் பெரிய மால்கள், நடுவில் மாட்டிக்கொண்டது நகர மையத்தில் 1985லிருந்து இருந்த செய்பு டிபார்ட்மென்ட் ஸ்டோர், 2017ல் மூடிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான், உள்ளூர் வேலைகளும் அதோடு போயின.

அதனால் வீட்டை ஆய்வுக்கூடத்தின் வாசலில் தேடாதீர்கள். சுகுபா அல்லது கென்க்யூ காகுயென் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் வாடகைக்குப் பாருங்கள், ஏனென்றால் ஆங்கிலம் போதும் என்கிற கணக்கு வேலை கிடைத்தால் அது பெரும்பாலும் டோக்கியோவில்தான். ஊர் சமதளம், கணவர் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்க்கொள்ளலாம். அவருடைய இடம் அணுத்துகள்களை வேகப்படுத்தி ஆராய்கிற கேஇகே முடுக்கி ஆய்வகம் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், அது ஊரின் வடகோடி.

அப்புறம் விசா. குடும்ப விசாவில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், முழுநேர வேலை கிடைத்தால் விசா வகையையே மாற்ற வேண்டும். ரயில் கட்டணம் கொஞ்சம் கைகடிக்கும், ஆனால் அங்கே பெரும்பாலான கம்பெனிகள் பயணச் செலவைத் தருகின்றன, இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், மொழி வகுப்பில் இந்த வாரமே சேர்ந்துவிடுங்கள்.